நாலாவது இணைப்பு

“கொலையா, மேடம்?”

“இல்ல.”

“நகை எதுவும் காணாமப் போச்சா?”

“இல்ல.”

“யாராவது யாரு கூடயாவது ஓடிப் போய்ட்டாங்களா?”

“இல்ல ஆல்வின். இன்டர்நெட் வரலையாம்.”

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பிப் புவனேஸ்வரியின் பிடரியில் சூடாகப் பட்டது.

“ரசத்துக்குப் பிசைஞ்ச கையக் கழுவிட்டு ஓடி வந்திருக்கேன். வெஞ்சனத்த இன்னும் தொடக்கூட இல்ல. இன்டர்நெட் வரலைன்னா கம்பெனிக்காரனக் கூப்பிடணும். துப்பறியுற நாம அங்க போயி என்ன பண்ண?”

“கம்பெனிக்காரன் வந்து வந்து போய்ட்டான். ஒரு கம்பெனி இல்ல, மூணு கம்பெனி. அதுக்கப்புறம்தான் நம்மளக் கூப்பிட்டிருக்கு அந்தப் பொண்ணு.”

“அப்ப நாம நாலாவது கம்பெனி.”

புவனேஸ்வரி வண்டியை முறுக்கினாள். ஆடிக் காற்று ரவுண்டு ரோட்டு மண்ணையெல்லாம் வாரி அவள் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. 2008, ஆகஸ்ட் ஆறாம் தேதி, மதியம் ஒன்றேகால். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் அவள் துப்பறியும் நிலையம் வைத்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காகப் பொய்யாகச் செத்தவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை. ஆல்வின் நத்தம் ரோட்டு மினி பஸ்ஸில் ஒன்பது வருடம் கண்டக்டராக இருந்தவன். பஸ் நின்று போனது. வாய் நிற்கவில்லை.

வீடு கோவிந்தாபுரத்துக்கு உள்ளே ஒரு குறுகிய தெருவில் இருந்தது. மாடியில் வீட்டுக்காரர் ஒச்சப்பன், கீழே குடித்தனம். கதவைத் திறந்தவள் பெயர் இசைவாணி. முப்பத்திரண்டு வயது இருக்கும். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு முறை மூச்சு வாங்கினாள்.

“வாங்கக்கா. வாங்கண்ணே. செருப்பு இருக்கட்டும். நேரா வந்து இதப் பாருங்க.”

இரும்பு பீரோவின் தலையில் இரண்டு மோடம்கள் வரிசையாக இருந்தன. கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. தூசி படியாமல் பாலிதீன் பை போட்டு மூடியிருந்தாள். மூன்றாவது, சாம்பல் நிறம், கம்ப்யூட்டர் மேஜையில் உயிரோடு இருந்தது.

“கருப்பு, போன் லைனோட வந்தது. வெள்ளை, டை கட்டிட்டு ஒருத்தர் வந்து கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தாரு. இது நம்ம ஏரியா கேபிள்காரரு குடுத்தது. அஞ்சு மாசத்துல மூணு.”

“எதுல நல்லா வந்துச்சு?” என்று கேட்டாள் புவனேஸ்வரி.

“எல்லாத்துலயும் நல்லாத்தாங்க்கா வரும். வராத அன்னைக்கு மட்டும் வராது.”

“எங்க பஸ்ஸும் அப்பிடித்தான்,” என்றான் ஆல்வின்.

“அந்த வராத அன்னைக்குத்தாண்ணே எனக்கு வேலை இருக்கும். எப்பப் பாத்தாலும் மத்தியானத்துக்கு மேலதான். சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னா மறுநா காலையில ஆள் வர்றாரு. அவரு வர்றப்ப எல்லா லைட்டும் பச்சையா எரியுது. என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போறாரு. ரெண்டு தடவ ரூட்டரு கோளாறுன்னு மாத்திக் குடுத்தாங்க. மூணாவது தடவ என் கம்ப்யூட்டர் கோளாறுன்னாங்க. நாலாவது தடவ, வீட்ல வேற யாரும் ஆம்பளைங்க இல்லையாம்மான்னு கேட்டாங்க.”

“இப்ப எரியுதா?”

“நாலும் பச்சை. வேணும்னா கூப்பிடுறேன், நீங்களே கேளுங்க.”

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். பத்து நிமிடம் வீணை வாசித்தது. பிறகு ஒரு பெண் குரல்.

“மோடத்துல எத்தன லைட் எரியுது மேடம்?”

“நாலு.”

“நாலும் பச்சையா?”

“பச்சைதான்.”

“அப்ப லைன் நல்லாருக்கு மேடம்.”

“இப்ப நல்லாருக்கு. ஆனா போயிரும்.”

“போனதுக்கப்புறம் கூப்பிடுங்க மேடம்.”

“போனதுக்கப்புறம் கூப்பிட்டா நாளைக்கு ஆள் அனுப்புறேங்கிறீங்க. ஆள் வர்றப்ப வந்துருது.”

“வந்துருச்சுன்னா பிராப்ளம் இல்லையே மேடம். ஒருக்கா மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க. வேற எதுவும் உதவி வேணுமா?”

இசைவாணி போனை வைத்தாள். அடித்து வைக்கவில்லை. அந்தக் கோபமெல்லாம் மார்ச் மாதத்திலேயே தீர்ந்து போயிருக்க வேண்டும்.

“சரி,” என்றாள் புவனேஸ்வரி. “நாங்க என்ன செய்யணும்?”

இசைவாணி ஒரு வழவழப்பான விளம்பரத் தாளை நீட்டினாள். நாலாவது கம்பெனி. தாளில் ஒரு குடும்பம் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“இவங்க சாயங்காலம் வர்றாங்க. எடுக்கவா வேண்டாமா, எனக்குத் தெரியல. எந்தக் கம்பெனி ஏமாத்தாதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கக்கா. இல்ல, யாராவது வேணும்னே என் லைனப் புடுங்குறாங்கன்னா அது யாருன்னு சொல்லுங்க. இன்னைக்கு மட்டும் விட்டுப் போச்சுன்னா எனக்கு அம்புட்டுத்தான்.”

“இன்னைக்கு என்ன?”

அவள் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். ப்ளஸ் டூ வேதியியல் நோட்ஸ், நானூறு பக்கம், படத்தோடு. சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே டைப் செய்து பக்கம் கட்டிக் கொடுக்கிறாள். இதற்கு முன் நான்கு தடவை சொன்ன நேரத்துக்குப் போகவில்லை. இன்று நான்கு மணிக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நேற்று சொல்லிவிட்டார்கள்.

“அனுப்ப எம்புட்டு நேரம் ஆகும்?”

“ஒரு மணி நேரம் ஆகும். நடுவுல விட்டுச்சுன்னா முதல்ல இருந்து அனுப்பணும். இன்னும் ஒரு பாடம் சரி பாக்கணும், ரெண்டே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்க முடியும்.”

“பென் டிரைவுல போட்டு, தெருமுனையில இருக்குற பிரவுசிங் சென்டர்ல அனுப்பிரலாமே,” என்றான் ஆல்வின்.

“மே மாசம் அப்பிடித்தான் அனுப்பினேன். பென் டிரைவுல வைரஸ் ஏறிப் போயி அவங்க ஆபீஸ்ல ஏழு கம்ப்யூட்டர் படுத்துருச்சு. இனிமே என் வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்து வந்தாத்தான் திறப்போம்னு சொல்லிட்டாங்க.”

ஆல்வின் வாயைத் திறந்தான். புவனேஸ்வரி அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

“இது இல்லைன்னா வேற என்ன வேலைக்குப் போவீங்க?” என்று கேட்டாள் அவள்.

“வேடசந்தூர் ரோட்டுல மில்லுக்குத்தான். பன்னெண்டு வருசம் இருந்தேன்க்கா. அதுக்குள்ள பறக்குற பஞ்சு இங்க போயி உக்காந்துருச்சு.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “இன்னொரு தடவ உள்ள போகக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. அந்தச் சீட்டக் காட்டினா யாரு சோறு போடுவாங்க?”

மேஜையில் சாம்பல் மோடம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

“லைன் போன தேதி எழுதி வச்சிருக்கீங்களா?”

இசைவாணி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். இந்த மாதிரி ஆள்தான் வேண்டும் என்று புவனேஸ்வரி மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். போன மாதப் பக்கத்தில் நான்கு தேதிகள்: ஜூலை மூன்று, பதினொன்று, இருபது, இருபத்தெட்டு. கம்பெனி மாறியும் இந்த மாதிரிதான் எல்லா மாதமும்.

“வாங்க ஆல்வின். அந்த பிரவுசிங் சென்டரப் பாத்துட்டு வருவோம்.”

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன். நீங்க முறைச்சீங்க.”

தெருவில் இறங்கியதும் ஆல்வின் ஆரம்பித்தான்.

“ரொம்பச் சுளுவான கேஸ் மேடம். முன்னாடி இந்தப் பொண்ணு தினமும் போயி அனுப்பினது அந்தக் கடையில. வீட்டுக்கு இன்டர்நெட் வந்துச்சு, கடைக்காரருக்குக் கிராக்கி போச்சு. ராத்திரிக்கு ராத்திரி கத்திரிக்கோல எடுத்துட்டு...”

“லைன் போறது மத்தியானம்.”

“சரி, மத்தியானத்துக்கு மத்தியானம்.”

“வெட்டின ஒயரு மறுநா காலையில தானா ஒட்டிக்குமா?”

ஆல்வின் நான்கு அடி யோசித்தபடி நடந்தான். “நல்ல மனுசனா இருந்தா அவரே வந்து ஒட்டியிருப்பாரு.”

பிரவுசிங் சென்டரில் ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து பிளைவுட் தடுப்பு. மூன்று தடுப்பில் ஆள் இருந்தது. முதலாளி சனாவுல்லா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கீ போர்டைத் தலைகீழாகத் தட்டித் தூசி எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப் போனது.

“நானாக்கா? என் லைனையே நான் ஒழுங்கா வச்சுக்க முடியாம கிடக்கேன். நான் போயி அந்தப் புள்ள லைன் மேல கை வைக்கவா?”

“உங்க லைனும் போகுமா?”

“லைன் போகாது. ஆள்தான் போயிருவாங்க. அந்தப் புள்ளைக்கு லைன் போற அன்னைக்கு என் கடையில மத்தியானத்துக்கு மேல ஈ காக்கா இருக்காது. அது வந்து இந்த வாசல்ல நின்னு அழுகும். நான் ஷட்டர இழுத்துட்டே அழுவேன்.”

புவனேஸ்வரி கையோடு கொண்டு வந்திருந்த இசைவாணியின் நோட்டைப் பிரித்தாள். “பாய், நோட்டு வச்சிருக்கீங்கள்ல? வர்றவங்க பேரு எழுதுறது?”

“போலீஸ்காரங்க வைக்கச் சொல்லியிருக்காங்களே. இந்தாங்க.”

ஜூலை மூன்றாம் தேதி. காலையில் பதினொரு பெயர். இரண்டரைக்கு மேல் ஒன்றுமில்லை. பதினொன்று. இரண்டு மணிக்கு மேல் வெறும் கோடு. இருபது. வெறும் கோடு. இருபத்தெட்டு. அதே கோடு. அவள் இசைவாணியின் நோட்டைப் பக்கத்தில் வைத்தாள். தேதிக்குத் தேதி பொருந்தியது.

“பாய் சொல்றது நெசம்தான் போல,” என்றான் ஆல்வின். அவன் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது. “அப்ப அன்னைக்கெல்லாம் என்ன மேடம்? அஷ்டமி நவமியா? எங்க வீட்ல அதெல்லாம் பாக்குறதில்ல, அதான் கேக்குறேன்.”

“அஷ்டமி பதினஞ்சு நாளைக்கு ஒருக்க வரும். இதுல நடுவுல எத்தன நாளுன்னு எண்ணுங்க.”

“மூணுல இருந்து பதினொண்ணு, எட்டு. அப்புறம் ஒம்போது. அப்புறம் எட்டு. எங்க பஸ்ஸு எஃப்.சி. சோதனைக்குப் போறது கூட இம்புட்டு ஒழுங்கா இருக்காது.”

“ஞாயித்துக்கிழம, வெள்ளிக்கிழமன்னு கிழமைக்கும் ஒத்து வரல. விசேச நாளும் இல்ல. ஆனா இந்தத் தெருவே அன்னைக்கு வேற எங்கயோ போகுது.” அவள் விரலை மடக்கினாள். “எட்டு, ஒம்போது, எட்டு. அடுத்தது ஒம்போதுன்னா, இருபத்தெட்டோட ஒம்போது...”

“முப்பத்தொண்ணு போக, ஆறு,” என்றான் ஆல்வின். பிறகு மெதுவாக, “மேடம், இன்னைக்குத்தான ஆறு?”

கடைக் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது.

அப்போது தெருவின் மறுகோடியில் ஒரு பெண் குரல் எழுந்தது. என்ன சொன்னாள் என்று காற்றில் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் மூன்று தடுப்பிலிருந்தும் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவர் பாதி டைப் செய்த மனுவை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பைத் தேடினார். சனாவுல்லா கீ போர்டைப் போட்டுவிட்டு ஷட்டர் கம்பியை எடுத்தார்.

“எல்லாரும் எங்க போறீங்க?” என்று கேட்டாள் புவனேஸ்வரி.

“தண்ணி வந்துருச்சுக்கா. எட்டு ஒம்போது நாளைக்கு ஒருக்கா ஒரு மணி நேரம் விடுறான். நீங்க இந்த ஏரியா இல்லையா? நோட்ட ஸ்டூல்ல வச்சுட்டு வெளிய வாங்க, நான் பூட்டணும்.”

புவனேஸ்வரி ஏற்கெனவே வெளியே வந்திருந்தாள். முட்டிவலிக்காரி ஓடுவதை ஆல்வின் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

“தண்ணிக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?”

“அஞ்சு மாசத்துல கம்பெனி மாறிருச்சு. மோடம் மாறிருச்சு. ஒயரும் மாறிருச்சு. மாறாதது எது?”

“அந்தப் பொண்ணோட கஷ்டம்.”

“ஒயரு வீட்டுக்குள்ள வர்ற வழி.”

இசைவாணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு வாசலில் இருந்தாள். அவள் முகத்தில் ஐந்து மாதத்தில் இல்லாத தெளிவு.

“ஆரம்பிச்சுட்டேன்க்கா. அது பாட்டுக்குப் போய்ட்டு இருக்கு. பதினோரு பர்சென்ட். அதுக்குள்ள நாலு குடம் புடிச்சிட்டு...”

“குழிக்குள்ள இறங்காதீங்க,” என்றாள் புவனேஸ்வரி.

வாசலில் வலது பக்கம், சுவரை ஒட்டி, இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி இருந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் இருந்தது. தண்ணீர் மெதுவாக வருவதால் மேலே குழாய் வைத்தால் ஏறாது. பள்ளம் தோண்டி, அடியில் குழாயை விட்டு, உள்ளே நின்று பிடிக்க வேண்டும். குழாய்க்குத் திருகு கிடையாது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறிவிட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். குழியின் பக்கவாட்டில், பழைய தண்ணீர்க் குழாய் சுவருக்கு அடியில் வீட்டுக்குள் நுழையும் ஓட்டையில், குழாயோடு சேர்ந்து மூன்று ஒயர்கள் போயின. ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். கருப்பும் வெள்ளையும் வெட்டிவிட்ட நிலையில் தொங்கின. சாம்பல் ஒயரில், குழியின் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், கருப்பு டேப் சுற்றிய ஒரு இணைப்பு. டேப் பாதி பிரிந்திருந்தது.

“மூணு கம்பெனியும் ஒரே வாசல்ல டிக்கெட் எடுத்திருக்கான்,” என்றான் ஆல்வின்.

“இத யாரு இந்த வழியா விடச் சொன்னது?”

“நான்தான் சொன்னேன்,” என்று மேலிருந்து குரல் வந்தது. ஒச்சப்பன் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். “கிழக்குச் சுவத்துல ஓட்டை போட்டா வாஸ்து கெட்டுப் போகும். ஏற்கெனவே இருக்குற ஓட்டை வழியா விடுங்கன்னேன். தப்பா?”

“குழிய இம்புட்டு ஆழமாத் தோண்டினது?”

இதற்குப் பதில் பக்கத்திலிருந்து வந்தது.

“நான்தான்க்கா,” என்றாள் இசைவாணி. “மார்ச் மாசம். சுந்தரம்மாக்கா வீட்டுக் குழி ஆழம் ஜாஸ்தி. தண்ணியெல்லாம் அங்க போயிருது. அதான் ஒரு முழம் கூடத் தோண்டினேன்.”

“தோண்டின பிறகு, தண்ணி வர்ற அன்னைக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?”

“வேலைய அனுப்பிவிட்டுட்டு இறங்குவேன். அது போற நேரத்துல கை சும்மாத்தான இருக்கும்? குடத்தக் கழுவி ஊத்திட்டு, புடிச்சுப் புடிச்சு மேல வப்பேன். குழி முழங்கால் வரைக்கும்...” அவள் நிறுத்தினாள். தன் முழங்காலைப் பார்த்தாள். ஒயரின் டேப்பைப் பார்த்தாள்.

“உங்க லைன யாரும் புடுங்கலம்மா,” என்றாள் புவனேஸ்வரி. “ஒவ்வொரு தடவையும் நீங்களே அதத் தண்ணிக்குள்ள முக்கியிருக்கீங்க. ராத்திரிக் காத்துல காஞ்சுரும். காலையில ஆள் வர்றப்ப பச்சை.”

இசைவாணி குடங்களைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று ஆல்வின் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. ஒரு நாள் முழுக்கத் தேடிய சாவி இடுப்பிலேயே இருந்ததைக் கண்டவள் மாதிரி நின்றாள்.

“மூணு கம்பெனிக்காரனையும் எத்தன பேச்சுப் பேசியிருப்பேன்,” என்றாள். “ஒயரத் தூக்கி மேல கட்டிரவாக்கா?”

“தொடாதீங்க. டேப்பு பிரிஞ்சு கிடக்கு, அசைச்சா விட்டுப் போகும். எத்தன பர்சென்ட்?”

அவள் உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். “பதினேழு.”

தண்ணீர் கெண்டைக்கால் சதைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஆல்வின் சட்டையைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டான். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைத்தான். இரண்டு நொடி நின்றது. மூன்றாவது நொடியில் துண்டோடு சேர்ந்து தண்ணீர் பீச்சியடித்துச் சுவரெல்லாம் தெறித்தது.

“அண்ணே, ஒரு லைட்டு சிமிட்டுது,” என்று உள்ளிருந்து இசைவாணியின் குரல்.

“எடுங்க, எடுங்க. அடைக்க வேண்டாம்,” என்றாள் புவனேஸ்வரி. “உள்ள வர்ற அளவுக்கு வெளிய அள்ளுவோம். மட்டம் ஏறாம இருந்தாப் போதும்.”

“ஒரு மணி நேரமா?”

“நீங்க சோத்த விட்டுட்டு வந்திருக்கீங்க. பசி மறந்துரும்.”

ஆல்வின் குழிக்குள் இறங்கினான். ஒரு ஆள்தான் நிற்க முடியும். அலுமினியப் போசியால் அள்ளி மேலே நீட்ட, புவனேஸ்வரி வாங்கிக் குடத்தில் ஊற்றினாள். குடம் நிறைந்தது. இன்னொரு குடம் நிறைந்தது. அண்டா, வாளி, துணி துவைக்கும் தொட்டி, ஊறுகாய் ஜாடி எல்லாம் நிறைந்தன.

“முப்பத்தாறு,” என்று ஜன்னல் சொன்னது.

“மேடம், பாத்திரம் தீந்துருச்சு. தெருவுல ஊத்துங்க.”

“ஒம்போது நாளைக்கு ஒருக்க வர்ற தண்ணியவா தெருவுல ஊத்தச் சொல்றீங்க? இந்தத் தெருக்காரங்க நம்மள உசுரோட விட மாட்டாங்க.” அவள் திரும்பிக் குரல் கொடுத்தாள். “தண்ணி வேணுங்கிறவங்க குடம் கொண்டாங்க.”

யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழியிலிருந்து சுந்தரம்மாள் தலையை நீட்டினாள்.

“ஏத்தா, எதுக்குச் சும்மா குடுக்குறீக?”

“வேண்டாமா?”

“வேணாம்னு சொல்லல. எதுக்குன்னு கேட்டேன். எலி எதுவும் விழுந்துருச்சா?”

“ஆறடி எலி ஒண்ணு உள்ள நிக்குது,” என்றான் ஆல்வின். “வேகமாக் குடத்தக் கொண்டாங்கக்கா. இசைவாணி வேலை போய்ட்டு இருக்கு. இந்தக் குழி நிறைஞ்சா அது போயிரும்.”

சுந்தரம்மாளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. இசைவாணி வேலை என்ற சொல் மட்டும் புரிந்தது. அவள் தன் குழியை விட்டு ஏறி வந்து குடத்தை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். கடைசியில் சனாவுல்லா இரண்டு வாளியோடு வந்து நின்றார்.

“அம்பத்தெட்டு.”

“அம்பத்தெட்டாம். நகருங்க, நகருங்க,” என்றாள் சுந்தரம்மாள், எதை எண்ணுகிறார்கள் என்று கேட்காமலே.

தண்ணீர் டேப்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. ஒரு முறை மூன்று விரல் ஆனது. ஆல்வினின் பேச்சு நின்றுபோயிருந்தது. மூச்சு மட்டும் கேட்டது. புவனேஸ்வரியின் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. எழுபத்தி மூன்று. எழுபத்தி மூன்றிலேயே நெடுநேரம் நின்றது. “ஏறு, ஏறு, ஏறித் தொலை,” என்று ஜன்னலுக்குள் ஒரு குரல் கெஞ்சியது. எழுபத்தி ஐந்து.

நான்கு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது உள்ளே சத்தமே இல்லை. பிறகு இசைவாணி வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள்.

“போயிருச்சு.”

“லைனா?” என்றான் ஆல்வின்.

“இல்லண்ணே. புத்தகம்.”

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. அவள் நின்றுகொண்டே கேட்டாள். சரிங்க சார், சரிங்க சார் என்று ஆறு தடவை சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“திறந்து பாத்துட்டாங்களாம். நல்லாருக்காம். அடுத்தது இயற்பியல். பதினஞ்சாந்தேதி வேணுமாம்.”

ஆல்வின் குழிக்குள் நின்றபடியே விரலை மடக்கினான். “ஆறோட எட்டு பதினாலு. ஒம்போதுன்னா பதினஞ்சு. மேடம், நான் அன்னைக்கு லீவு.”

இசைவாணி மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அய்யா, சுவத்துல ஒரு விரல் தண்டி ஓட்டை. ஒண்ணே ஒண்ணு.”

“அதுதான் முடியாதுன்னேனேம்மா. வாஸ்துக்காரரு பழனியில இருந்து வந்து பாத்துச் சொன்னது. கிழக்குச் சுவரு பின்னமாகக் கூடாது.”

“மூணு கம்பெனி மாறிட்டேன்யா.”

“நாலாவது மாறு. சுவரு என்னோடது.”

புவனேஸ்வரிக்கு எரிச்சல் தலைக்கேறியது. பொய்யாகச் செத்தவர்களிடம் கூட அவள் இத்தனை பாடு பட்டதில்லை. துருவிக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

“மேடம்,” என்றான் ஆல்வின் குழிக்குள்ளிருந்து. அவன் தலையை அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். “செத்த இங்க எறங்கி வாங்களேன்.”

“எனக்கு முட்டி வலி. என்னன்னு சொல்லுங்க.”

“தெருவுல நின்னா தெரியாது. மாடி ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில, இங்க இருந்து பாத்தாத்தான் தெரியுது. மொட்டை மாடி டிஷ்ல இருந்து ஒரு ஒயரு கீழ வருது. வந்து, சுவத்துக்குள்ள போகுது.”

“எந்தச் சுவத்துக்குள்ள?”

“சூரியன் வீட்டுக்கு அந்தப் பக்கம் சாயுது மேடம். அப்ப இந்தச் சுவரு கிழக்குத்தான.”

குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் ஒச்சப்பனைப் பார்த்தார்கள். அவர் தெருக்கோடியைப் பார்த்தார்.

“அது பின்னம் இல்லைங்களா அய்யா?” என்று கேட்டாள் புவனேஸ்வரி, மிகவும் மரியாதையாக.

“அது... அதுக்குப் பரிகாரம் பண்ணியாச்சு.”

“எப்பிடி?”

“மேல சாமி காலண்டர் மாட்டியிருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சுந்தரம்மாள் மட்டும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

இசைவாணி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் சுத்தியலும் உளியும், இன்னொரு கையில் இந்த வருடக் காலண்டர் ஒன்றும் இருந்தன. காலண்டரைப் படியில் வைத்தாள்.

“எனக்கும் காலண்டர் இருக்குய்யா. சுவரு உங்களோடது, நான் இல்லைங்கல. வீட்ட விட்டுப் போறப்ப பூசிக் குடுத்துட்டுப் போறேன். ஓட்டை போட்டா உங்க வாஸ்து போகும். போடலன்னா எனக்கு நெஞ்சு போகும்.”

ஒச்சப்பன் அவளைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். சன்ஷேடைக் குனிந்து ஒரு முறை பார்த்தார்.

“ஒரு விரல் தண்டிதான்,” என்றார். “அதுக்கு மேல போகக் கூடாது.”

“குடும்மா, நான் அடிச்சுத் தாரேன்,” என்று ஆல்வின் குழியிலிருந்து கை நீட்டினான். “தூசி பறக்கும். உனக்கு ஆகாது.”

“வேண்டாம்ணே. அஞ்சு மாசமா எல்லார்கிட்டயும் போன்ல கெஞ்சியிருக்கேன். இத நான்தான் அடிக்கணும்.”

அவள் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டினாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு இடத்தைக் கையால் தடவிப் பார்த்து உளியை வைத்தாள். முதல் அடியில் சுண்ணாம்பு பெயர்ந்தது. இரண்டாவது அடியில் உளி வழுக்கியது. மூன்றாவது, நான்காவது. நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி அடித்தாள்.

“இன்னும் எம்புட்டும்மா இருக்கு?” என்று மாடியிலிருந்து ஒச்சப்பன் கேட்டார்.

“சுவரு முழுசா இருக்குய்யா,” என்று துண்டுக்குள்ளிருந்து சொல்லிவிட்டு, இசைவாணி அடுத்த அடியைப் போட்டாள்.